புறநோயாளிகளும் ஆன்டிபயாட்டிக் மருந்தும்: பயன்பாட்டை அளப்பது எப்படி?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், அகத்தியர்கூடம் மலைக்கு ஏறும் வழியில் அமைந்துள்ளது போனக்காடு. மாநிலத் தலைநகரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூர், ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சுற்றி உருவான குடியிருப்பாகும். தோட்ட வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன் வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளர்களின் வழித்தோன்றல்கள் பலர் இங்குள்ள லயங்களில் வாழ்ந்து வருகின்றனர். தோட்டத் தொழில் நலிவுற்றுவிட்ட நிலையில், கூலி வேலையாயினும் மருத்துவமாயினும் மலையிறங்கி விதுராவுக்கோ அதற்கு அப்பாலோ செல்ல வேண்டியிருக்கிறது.

இத்தகைய ஊரில் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும் காண்பதாகக் கொள்வோம். அவர் பேருந்தேறிச் சென்று அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் காட்டலாம். தனியார் மருத்துவர் ஒருவரின் சிகிச்சையகத்திற்குச் செல்லலாம். கூலியை இழக்க மனமின்றி, மருந்துக் கடையில் நோயைச் சொல்லி மாத்திரை கேட்கலாம். அதுவும் இயலாதபோது, அடுத்த வீட்டில் மிஞ்சியிருக்கும் மாத்திரையை வாங்கி விழுங்கலாம். இந்த நான்கு வழிகளில் எதன் மூலமும் அவருக்கு ஓர் ஆன்டிபயாட்டிக் மருந்து கிடைக்கக்கூடும். ஆனால் நான்கு வழிகளும் ஒரே ஏட்டில் பதிவாவதில்லை. நான்காவது வழி எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

ஓர் ஊரில், ஒரு மாவட்டத்தில், ஒரு நாட்டில், புறநோயாளிகள் எவ்வளவு ஆன்டிபயாட்டிக் மருந்தை உட்கொள்கின்றனர் என்ற வினா எளிதாகத் தோன்றலாம். அதற்கு விடை காண்பது எளிதன்று. எதை எண்ணுவது, எந்த அலகில் அளப்பது, யாருடைய எண்ணிக்கையால் வகுப்பது என்னும் மூன்றும் தெளிவாகாதவரை கிடைக்கும் எண் எதையும் உணர்த்தாது. சில வேளைகளில் தவறாகவும் உணர்த்திவிடும்.

அளக்க வேண்டிய தேவை

ஆன்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களை அழிப்பவை அல்லது அவற்றின் பெருக்கத்தைத் தடுப்பவை. சளி, சாதாரண இருமல், பெரும்பாலான காய்ச்சல்கள் ஆகியவற்றிற்குக் காரணமான வைரஸ்களின்மீது அவற்றுக்கு ஆற்றல் இல்லை. தேவையின்றி அவை பயன்படும் ஒவ்வொரு முறையும், மருந்துக்கு ஆட்படும் கிருமிகள் மடிந்து, ஆட்படாதவை எஞ்சிப் பெருகுகின்றன. பிற மருந்துகளைத் தவறாக உட்கொண்டால் அதன் விளைவு உட்கொண்டவரோடு முடிகிறது. ஆன்டிபயாட்டிக் மருந்தின் தவறான பயன்பாடு, அம்மருந்தை ஒருபோதும் உட்கொள்ளாத அண்டை வீட்டாரையும் பாதிக்கிறது. 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றுகள் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் இறப்புகளுக்கு நேரடிக் காரணமாயின என்று பன்னாட்டு ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது.

மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்றவுடன் பெரிய மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளே நினைவுக்கு வருகின்றன. ஆனால் மனிதர் உட்கொள்ளும் ஆன்டிபயாட்டிக் மருந்தில் பெரும்பகுதி மருத்துவமனைப் படுக்கைகளில் செலவாவதில்லை. புறநோயாளிகளிடமே சென்று சேர்கிறது. நம் நாட்டில் அதிலும் பெரும்பகுதி தனியார் மருத்துவர்கள், மருந்துக் கடைகள் வழியே செல்கிறது. ஆகவே, உள்நோயாளிப் பிரிவை மட்டும் கண்காணிக்கும் திட்டம் ஆற்றின் கிளைக் கால்வாயை அளந்துவிட்டு ஆற்றை விட்டுவிடுவதற்கு ஒப்பாகும்.

அளவீடு கொள்கைக்கு வழிகாட்டும் என்பதற்கு ஐரோப்பாவின் அனுபவம் சான்றாகும். 2002ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்ட ஆய்வில், புறநோயாளிகளின் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு நெதர்லாந்தைவிடப் பிரான்சில் மூன்று மடங்குக்கும் அதிகம் என்பது வெளிப்பட்டது. பயன்பாடு மிகுந்த நாடுகளில் மருந்துக்கு அடங்காத கிருமிகளும் மிகுந்திருந்தன. இரு நாட்டு மக்களின் நோய்களில் மூன்று மடங்கு வேறுபாடு இருக்க இயலாது. வேறுபாடு மருத்துவப் பழக்கத்திலேயே இருந்தது. 2002இல் பிரான்ஸ் நாடு தழுவிய விழிப்புணர்வு இயக்கமொன்றைத் தொடங்கியது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் அங்கு குளிர்காலத்தில் எழுதப்பட்ட ஆன்டிபயாட்டிக் மருந்துச் சீட்டுகள் கால் பங்குக்கும் மேல் குறைந்தன. முன்னும் பின்னும் அளந்திராவிட்டால், குறைகிறதா இல்லையா என்பதே தெரிந்திராது.

முதல் அளவுகோல்: எத்தனை பேருக்கு?

மிக எளிய அளவுகோல், மருத்துவரைக் காண வந்த நூறு புறநோயாளிகளில் எத்தனை பேருக்கு ஓர் ஆன்டிபயாட்டிக் மருந்தாவது எழுதப்பட்டது என்பதாகும். உலக சுகாதார நிறுவனம் 1993இல் வெளியிட்ட மருந்துப் பயன்பாட்டு ஆய்வு வழிகாட்டி இதனை முதன்மைக் குறியீடுகளுள் ஒன்றாக வைத்துள்ளது. ஒரு பகுதியின் நிலையை அறிய 20 மருத்துவ நிலையங்களிலிருந்து, நிலையத்திற்கு 30 வீதம், 600 நோயாளிச் சந்திப்புகளையேனும் ஆராய வேண்டும் என்பது அதன் நெறி. ஒரே ஒரு நிலையத்தை ஆராய்வதாயின் 100 சந்திப்புகளேனும் தேவை.

இவ்வெண்களுக்குக் காரணம் உண்டு. நூறு சீட்டுகளில் 40 சீட்டுகளில் ஆன்டிபயாட்டிக் இருப்பதாகக் கண்டால், உண்மை நிலை 30 முதல் 50 விழுக்காட்டிற்குள் எங்கும் இருக்கலாம் என்பது புள்ளியியல் தரும் எச்சரிக்கை. ஆதலின் 40 என்பது அடுத்த மாதம் 36 ஆகிவிட்டால் அதனை வெற்றியென்று கொண்டாடுவதும், 44 ஆகிவிட்டால் மருத்துவரைக் குறை கூறுவதும் பொருந்தா. மாதந்தோறும் தொடர்ந்து எண்ணிவந்தால்தான் போக்கு புலப்படும்.

இம்முறை தமிழகத்தில் விரிவாகச் சோதிக்கப்பட்டுள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் நடைபெற்ற முன்னோடித் திட்டங்களுள் ஒன்று வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்களால் மேற்கொள்ளப்பட்டது. 2003 முதல் 2005 வரை, நகரிலும் சுற்றியுள்ள ஊர்ப்புறங்களிலும் இருந்த மருத்துவமனைகள், பொது மருத்துவர்களின் சிகிச்சையகங்கள், மருந்துக் கடைகள் ஆகியவற்றில் தொடர்ந்து விவரங்கள் திரட்டப்பட்டன. ஆராயப்பட்ட 52,788 நோயாளிகளில் சுமார் 41 விழுக்காட்டினருக்கு ஆன்டிபயாட்டிக் தரப்பட்டிருந்தது. அதே வரிசையில் புது தில்லியில் 2007-08இல் நடைபெற்ற ஆய்வில், தனியார் மருந்துக் கடைகளுக்கும் அரசு நிலையங்களுக்கும் வந்தவர்களில் ஏறத்தாழ 39 விழுக்காட்டினரும், தனியார் சிகிச்சையகங்களுக்கு வந்தவர்களில் 43 விழுக்காட்டினரும் ஆன்டிபயாட்டிக் பெற்றிருந்தனர். அரசு, தனியார் என்ற வேறுபாடு இதில் சிறிதே என்பது கருதத்தக்கது.

ஆயினும் இவ்வளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. மூன்று நாள் மருந்து பெற்றவரும் பத்து நாள் மருந்து பெற்றவரும் இதில் ஒருவராகவே எண்ணப்படுகின்றனர். பழைய, குறுகிய ஆற்றலுள்ள மருந்தும், கடும் நோய்க்கெனப் போற்ற வேண்டிய மருந்தும் இதில் ஒன்றே.

இரண்டாம் அளவுகோல்: எவ்வளவு?

அளவை எண்ண முற்படும்போது அலகு பற்றிய சிக்கல் எழுகிறது. மாத்திரைகளை எண்ணினால் 250 மில்லிகிராம் மாத்திரையும் 500 மில்லிகிராம் மாத்திரையும் சமமாகிவிடும். எடையைக் கூட்டினால், ஒரு நாளைக்கு ஒன்றரை கிராம் தேவைப்படும் மருந்தும் அதில் பதினைந்தில் ஒரு பங்கே தேவைப்படும் மருந்தும் கலந்துவிடும். ரூபாயில் கணக்கிட்டால் விலை மாற்றமே பயன்பாட்டு மாற்றமாகத் தோன்றும்.

இச்சிக்கலுக்கு விடையாக 1970களில் ஸ்காண்டிநேவிய நாடுகளில் உருவானதே ‘வரையறுக்கப்பட்ட நாளளவு’ என்னும் அலகாகும். ஒரு மருந்து, அதன் முதன்மைப் பயனுக்காக, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாகத் தேவைப்படும் அளவே அதன் நாளளவாகும். நாளளவுகளை நிர்ணயிக்கும் பணியை ஆஸ்லோ நகரில் 1982இல் நிறுவப்பட்ட, உலக சுகாதார நிறுவனத்துடன் இணைந்த மருந்துப் புள்ளியியல் மையம் செய்துவருகிறது. வாய்வழி உட்கொள்ளும் அமாக்சிசிலினுக்கு 1.5 கிராம், அசித்ரோமைசினுக்கு 0.3 கிராம், செஃபிக்சிமுக்கு 0.4 கிராம், டாக்சிசைக்ளினுக்கு 0.1 கிராம் என நாளளவுகள் வகுக்கப்பட்டுள்ளன.

கணக்கிடும் முறை எளிதே. ஒருவர் 500 மில்லிகிராம் அமாக்சிசிலின் காப்ஸ்யூலை நாளுக்கு மூன்று வீதம் ஐந்து நாள் உட்கொள்கிறார் எனின், மொத்தம் 15 காப்ஸ்யூல், அதாவது 7.5 கிராம். இதனை 1.5 ஆல் வகுத்தால் 5 நாளளவு. வேறொருவர் 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் மாத்திரையை நாளுக்கு ஒன்று வீதம் மூன்று நாள் உட்கொள்கிறார் எனின், மொத்தம் 1.5 கிராம், 0.3 ஆல் வகுத்தால் அதுவும் 5 நாளளவே. பதினைந்து காப்ஸ்யூலும் மூன்று மாத்திரையும் இவ்வாறு ஒரே தராசில் நிற்கின்றன.

இவ்வாறு கூட்டிய மொத்தத்தை மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை நாளளவு என்று கூறுவது உலக வழக்கு. 20,000 மக்கள் வாழும் ஓர் ஊராட்சியில் ஓராண்டில் 73,000 நாளளவு ஆன்டிபயாட்டிக் செலவாயிற்று எனக் கொண்டால், ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 10 நாளளவு என்று வரும். அதாவது, எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும் அவ்வூராட்சியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் ஆன்டிபயாட்டிக் உட்கொண்டிருக்கிறார் எனப் பொருள் கொள்ளலாம்.

தனியார் விற்பனைப் புள்ளிவிவரங்களைக் கொண்டு 2019ஆம் ஆண்டிற்குச் செய்யப்பட்ட ஆய்வொன்று, இந்தியாவில் சுமார் 507 கோடி நாளளவு ஆன்டிபயாட்டிக் பயன்பட்டதாகக் கணக்கிட்டது. ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு இது 10.4 நாளளவாகும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் அவ்வாண்டுச் சராசரி இதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இந்த ஓர் எண்ணை மட்டும் காண்போர், நம் நாட்டில் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு குறைவென்று அமைதியடையக்கூடும். அவ்வாறு அமைதியடைய இடமில்லை என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

நாளளவின் எல்லைகள்

நாளளவு ஓர் அலகேயன்றி மருத்துவரின் பரிந்துரையன்று. அது வளர்ந்தோரைக் கருத்திற்கொண்டு வகுக்கப்பட்டது. குழந்தையொன்றுக்கு 250 மில்லிகிராம் அமாக்சிசிலின் நாளுக்கு மூன்று வேளை ஐந்து நாள் தரப்பட்டால், அக்குழந்தை முழுமையான சிகிச்சை பெற்றிருந்தும் கணக்கில் 2.5 நாளளவே ஏறும். குழந்தைகள் மிகுந்த ஊரில் பயன்பாடு உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றுவதற்கு இது காரணமாகும். நம் நாட்டின் தனியார் துறையில் 2014இல் ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 412 ஆன்டிபயாட்டிக் சீட்டுகள் எழுதப்பட்டதாகவும், ஐந்து வயதுக்குட்பட்டோரிடையே அவ்விகிதம் மிக அதிகமாக இருந்ததாகவும் மற்றொரு ஆய்வு மதிப்பிட்டது. சீட்டுகளை எண்ணினால் தெரியும் குழந்தைகள், நாளளவை எண்ணினால் பாதி மறைந்துவிடுகின்றனர்.

அலகே மாறுவதும் உண்டு. அமாக்சிசிலினின் நாளளவு 2019க்கு முன் 1 கிராமாக இருந்தது; அவ்வாண்டு 1.5 கிராமாக உயர்த்தப்பட்டது. 500 மில்லிகிராம் காப்ஸ்யூல் ஆயிரம் வழங்கிய நிலையம் பழைய கணக்கில் 500 நாளளவு காட்டும். புதிய கணக்கில் 333 மட்டுமே காட்டும். ஒரு நோயாளிக்குக்கூட மருந்து குறைக்கப்படாமல், ஏட்டில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆண்டுகளை ஒப்பிடும் அலுவலர், எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே நாளளவைப் பயன்படுத்தியே கணக்கைத் திரும்பப் போட வேண்டும்.

எண் உயர்வது எப்போதும் தீமையுமன்று. மழைக்காலத்தில் கேரளத்தில் எலிக்காய்ச்சல் பரவும்போது, சேற்றிலும் தேங்கிய நீரிலும் வேலை செய்வோருக்கு முன்தடுப்பாக வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் தரப்படுகிறது. ஒவ்வொருவர் கணக்கிலும் அது 2 நாளளவு. 2018 பெருவெள்ளத்தின்போது இம்மருந்து பெருமளவில் வழங்கப்பட்டது. அப்போது ஏட்டில் காணும் உயர்வு, நலப்பணி செவ்வனே நடந்ததன் அடையாளமேயாகும்.

மூன்றாம் அளவுகோல்: எந்த வகை?

மேலே கண்ட எடுத்துக்காட்டில் அமாக்சிசிலின் பெற்றவரும் அசித்ரோமைசின் பெற்றவரும் ஐந்தைந்து நாளளவே பெற்றனர். ஆனால் எதிர்காலத்தின் நோக்கில் இரண்டும் சமமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2017இல் ஆன்டிபயாட்டிக் மருந்துகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்தது. பொதுவான தொற்றுகளுக்கு முதலில் தர வேண்டியவை, எங்கும் கிடைக்க வேண்டியவை முதல் வகுப்பு. அமாக்சிசிலினும் டாக்சிசைக்ளினும் இதில் அடங்கும். எதிர்ப்பாற்றலைத் தூண்டும் வாய்ப்பு மிகுந்ததால் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவை இரண்டாம் வகுப்பு. அசித்ரோமைசின், செஃபிக்சிம், சிப்ரோஃப்ளாக்சசின் போன்றவை இதில் சேரும். வேறு வழியில்லாத நோயாளிகளுக்கென ஒதுக்கிவைக்க வேண்டியவை மூன்றாம் வகுப்பு.

ஒரு நாட்டின் மொத்தப் பயன்பாட்டில் 60 விழுக்காடேனும் முதல் வகுப்பாக இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் முன்பு வகுத்த இலக்கு. 2024 செப்டம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் உயர்நிலைக் கூட்டம், 2030க்குள் உலக அளவில் 70 விழுக்காடு என்னும் இலக்கை ஏற்றது. ஆனால் மேற்குறித்த 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, இந்தியாவின் தனியார் விற்பனையில் முதல் வகுப்பு 27 விழுக்காடே. இரண்டாம் வகுப்பு 55 விழுக்காட்டை எட்டியிருந்தது. மிக அதிகமாக விற்ற ஒற்றை மருந்து 500 மில்லிகிராம் அசித்ரோமைசின் மாத்திரையாகும். மொத்த அளவில் ஐரோப்பாவில் பாதியாக நிற்கும் நாடு, மருந்தைத் தெரிவு செய்வதில் பின்தங்கி நிற்கிறது. மூன்றாம் அளவுகோல் இல்லையேல் இவ்வுண்மை வெளிப்பட்டிராது.

விவரங்கள் எங்கிருந்து கிடைக்கும்?

அரசு மருத்துவமனைகளில் கணக்கெடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. கேரள மருத்துவப் பணிகள் கழகமும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் அரசு நிலையங்களுக்கான மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்து வழங்குகின்றன. எந்த நிலையத்திற்கு எவ்வளவு சென்றது, எவ்வளவு இருப்பில் உள்ளது என்பதைக் கொண்டு செலவான அளவைக் கண்டறியலாம். ஆனால் கிடங்கிலிருந்து சென்றது நோயாளியின் உடலுக்குள் சென்றது ஆகாது; காலாவதியானதும், பாதியில் நிறுத்தி வீசப்பட்டதும் அதில் அடங்கும்.

தனியார் துறையில் மொத்த வணிக விற்பனைப் புள்ளிவிவரமே பெரிதும் கிடைக்கிறது. அது நாட்டின் நிலையைக் காட்டும். ஓர் ஊரின் நிலையைக் காட்டாது. எந்த நோய்க்காக, எந்த வயதினருக்கு என்பதையும் கூறாது. மருந்து மற்றும் ஒப்பனைப் பொருள் விதிகளில் 2013இல் சேர்க்கப்பட்டு 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த எச்-1 பட்டியல் இதற்கு ஓரளவு வழி செய்தது. மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின்கள், கார்பபெனம்கள் முதலானவை உள்ளிட்ட 46 மருந்துகளை விற்கும் கடைக்காரர், மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. மருந்து ஆய்வாளரின் சோதனைக்கென அமைந்த இப்பதிவேடு, பயன்பாட்டை அளக்கும் கருவியாகவும் விளங்கத்தக்கது.

இவ்விரண்டாலும் எட்ட முடியாததை எட்டுவது, வெளியேறும் நோயாளியைக் கேட்டறியும் முறையாகும். மருத்துவரிடமிருந்தோ மருந்துக் கடையிலிருந்தோ வெளிவருபவரின் சீட்டையும் கையிலுள்ள மருந்தையும், அவர் இசைவுடன் பார்த்துக் குறித்துக்கொள்வதே அம்முறை. சீட்டில்லாமல் வாங்கிய மருந்தும் இதில் பதிவாகும். வேலூர், தில்லி ஆய்வுகள் மருந்துக் கடைகளின் பயன்பாட்டைக் கணக்கில் கொண்டமையாலேயே புறநோயாளிகளின் நிலையை முழுமையாகக் காட்ட இயன்றது.

கேரளத்தின் முயற்சி

எதிர்ப்பாற்றலைத் தடுக்க இந்திய அரசு 2017இல் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. அதன் வழியில் 2018 அக்டோபரில், நாட்டிலேயே முதல் மாநிலமாகக் கேரளம் தனக்கெனச் செயல்திட்டத்தை வகுத்தது. 2024 ஜனவரியில் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்னும் பெயரில், சீட்டின்றி ஆன்டிபயாட்டிக் விற்கும் கடைகளைக் கண்டறியும் சோதனைகளை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தொடங்கியது. ஆன்டிபயாட்டிக் மருந்தை எளிதில் அடையாளம் காணும் பொருட்டு நீல நிற உறையிலிட்டு வழங்கும் ஏற்பாடும் பின்னர் அறிமுகமாயிற்று. கோழிக்கோடு மாவட்டத்தின் கக்கோடி குடும்ப சுகாதார மையம், குறிப்பிட்ட நெறிகளை நிறைவு செய்து, மாநிலத்தின் முதல் ‘ஆன்டிபயாட்டிக் ஸ்மார்ட்’ நிலையமாக 2024இல் அறிவிக்கப்பட்டது.

இம்முயற்சிகளின் பயனாக மாநிலத்தில் ஆன்டிபயாட்டிக் விற்பனை ஓராண்டில் சுமார் 1,000 கோடி ரூபாய் அளவுக்குக் குறைந்ததாக அரசு 2024இல் அறிவித்தது. இது ஊக்கமளிக்கும் செய்தியாகும். ஆயினும் ரூபாய்க் கணக்கு முதல் அறிகுறியே தவிர முழு அளவீடன்று. விலை குறைந்தாலும் ரூபாய் குறையும். விலையுயர்ந்த மருந்திலிருந்து மலிவான மருந்துக்கு மாறினாலும் குறையும். இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு மாறியதால் குறைந்திருந்தால் அது பெரு வெற்றி. வாங்க வசதியற்றோர் தேவையான மருந்தையும் வாங்காததால் குறைந்திருந்தால் அது இழப்பு. நோயாளி விழுக்காடு, நாளளவு, வகுப்புப் பங்கு ஆகிய மூன்றையும் ரூபாயின் அருகில் வைத்துப் பார்த்தாலன்றி, எது நிகழ்ந்தது என்பதைப் பிரித்தறிய இயலாது.

வகுக்கும் எண்ணும் மலைக்குடியிருப்பும்

இங்கே போனக்காடு மீண்டும் நினைவுக்கு வருகிறது. அங்கு வாழ்வோர் விதுராவில் வாங்கும் மருந்து விதுராவின் கணக்கில் ஏறும். மருந்துக் கடை உள்ள ஊரின் மக்கள்தொகையால் மட்டும் வகுத்தால், சந்தை ஊரின் பயன்பாடு மிகையாகவும் மலைக்குடியிருப்பின் பயன்பாடு சுழியாகவும் தோன்றும். ஆகையால் விற்ற இடத்தையன்றி, வாங்கியவர் வாழும் இடத்தையும் குறித்தல் இன்றியமையாதது. சீட்டில் வார்டு எண்ணைச் சேர்ப்பதே இதற்குப் போதுமானது.

குறைந்த எண் எப்போதும் நல்ல எண்ணன்று என்பதையும் இத்தகைய ஊர்கள் உணர்த்துகின்றன. நகரில் சளிக்கு அசித்ரோமைசின் உட்கொள்வோர் ஒருபுறம். நிமோனியாவால் மூச்சிரைக்கும் குழந்தைக்கு அமாக்சிசிலின் கிடைக்க ஒரு நாள் தாமதமாகும் தொலைவு மறுபுறம். சராசரி இவ்விரண்டையும் கூட்டி நடுத்தரமான ஓர் எண்ணைத் தந்துவிடும். மிகையைக் குறைக்கும் நோக்குடன் மட்டும் அளப்போர், பற்றாக்குறையைச் சிக்கனமென்று கருதும் பிழைக்கு ஆளாவர். ஆதலின் ஒவ்வொரு ஊரிலும் ‘தேவையின்றித் தரப்பட்டது எவ்வளவு?’ என்று வினவும்போதே, ‘தேவைப்பட்டும் தரப்படாதது எவ்வளவு?’ என்றும் வினவ வேண்டும். அதற்குச் சீட்டில் மருந்தோடு நோயின் பெயரும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.

நடைமுறைக்கு உகந்த தொடக்கம்

இத்தகைய அளவீட்டிற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதந்தோறும், முன்கூட்டியே குறித்த நாள்களில், நூறு புறநோயாளிச் சீட்டுகளைத் தெரிந்தெடுத்து ஐந்து செய்திகளைக் குறிக்கலாம்: வயது, வாழும் வார்டு, நோய், ஆன்டிபயாட்டிக் தரப்பட்டதா என்பது, தரப்பட்டதாயின் அதன் பெயரும் அளவும். இவற்றிலிருந்து விழுக்காடு, நாளளவு, வகுப்புப் பங்கு மூன்றும் கிடைக்கும். ஒரே பருவத்தை ஒரே பருவத்துடன், அதாவது இவ்வாண்டு ஆடி மாதத்தைக் கடந்த ஆண்டு ஆடி மாதத்துடன், ஒப்பிடுதல் முறை. மழைக்காலத்தைக் கோடையுடன் ஒப்பிடுதல் முறையன்று. மருந்தாளுநர் மாணவர்களும் சமுதாய மருத்துவ மாணவர்களும் இப்பணியைக் களப்பயிற்சியாகவே மேற்கொள்ளலாம்.

திரட்டிய விவரம் மேலிடத்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தங்கிவிடுவதாயின் பயனில்லை. எழுதிய மருத்துவருக்கே, அவரது எண்ணும் அண்டை நிலையங்களின் எண்ணும் அருகருகே காட்டப்பட வேண்டும். தண்டிக்கும் கருவியாக அளவீடு மாறினால் சீட்டுகள் உண்மை பேசாதொழியும். கற்கும் கருவியாக அமைந்தால் சீட்டெழுதும் பழக்கமே மாறும்.

ஆன்டிபயாட்டிக் மருந்து தலைமுறைகளுக்குப் பொதுவான ஒரு சேமிப்பு. அதிலிருந்து நாள்தோறும் எடுக்கப்படுவது எவ்வளவு, யாரால், எதற்காக என்ற கணக்கு இல்லாமல் அச்சேமிப்பைக் காக்க இயலாது. அந்தக் கணக்கு மாநிலத் தலைநகரின் மருந்துக் கிடங்கோடு நின்றுவிடாமல், மலையிலிருந்து பேருந்தில் இறங்கி வந்து கையில் ஓர் உறையுடன் திரும்பிச் செல்லும் நோயாளி வரை எட்டும்போதுதான் முழுமை பெறும்.